வாடகைத் தலைக்கவசம்

விடிவதற்கு முன்பே கன்னியம்மா மணல் சலிக்கத் தொடங்கிவிடுவாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வரும் மணல். ஈரமிருந்தால் மணலைப் பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும் என்று முதல் நாளே பரப்பிக் காயவைத்திருப்பாள். கண்ணாடியில் பட்டு விழுந்த மணலையும் கூட்டி அள்ளி மறுபடி சலிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது நைந்து மாவாகும். அந்த மாவு நெஞ்சில் போய் உட்காரும். முன்பு நாசில் பிடித்த அவள் புருஷன் பீம்ராவ் வியாசர்பாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பது அதனால்தான்.

எர்ணாவூரில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே டீசல் இன்ஜின் பூட்டிய பழைய கம்ப்ரசர். ஆளுயரக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி, பூவும் கொடியும் பிளேடால் வெட்டி உரிப்போம். உரித்த இடத்தை மட்டும், கம்ப்ரசர் காற்றில் பாயும் மணல் அரித்து வெள்ளையாக்கும். இதற்கென்று விற்கிற தூளை முதலாளி ஆன்றோ வாங்கமாட்டார். மணல் மலிவு. எங்கள் முகத்துக்கு ஈரத்துணி, அதைவிட மலிவு.

அன்று கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்த ஹோட்டல்காரர்கள் வேலையைப் பார்க்க வந்தார்கள். அதற்காக ஆன்றோ ஒரு தலைக்கவசம் வாடகைக்கு எடுத்திருந்தார். பின்னால் ஒரு குழாய் வழியாகக் கம்ப்ரசரிலிருந்து நல்ல காற்று வரும். எங்களில் நாசில் பிடிக்கும் வரதன் அதைப் போட்டுக்கொண்டு மணல் அடித்தான். வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். கார் கண்ணிலிருந்து மறைந்ததும் ஆன்றோ இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"கழட்டுல."

வரதன் முகக் கண்ணாடியை மட்டும் தூக்கினான். "இன்னா சார், இப்பதான் மூச்சே வுடுறேன். அதுக்குள்ளயா?"

"காத்துல பாதிய அது குடிச்சிருது. ஒருநா சோலி ரெண்டு நாளாவும். டீசல் உங்கப்பனா ஊத்துவான்?"

"பீம்ராவுக்கு நீ இன்னா ஊத்துன?"

"அவன் பீடி குடிச்சுக் கெட்டான்."

கன்னியம்மா சல்லடையைக் கீழே போட்டாள். "எம் புருசன் பீடி தொட்டதில்ல. நீ குட்த்த மண்ணத்தான் துன்னான்."

நான் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை உருவி மடியில் வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தேன். வீரமெல்லாம் இல்லை. வரதனுக்கு அடுத்து நாசில் பிடிக்க வேண்டியவன் நான்.

"ஆளுக்கொரு ஹெல்மெட். அதுவரிக்கும் இன்ஜின் ஓடாது," என்றேன்.

"உங்கள விட்டா ஆளில்லயால?" ஆன்றோ பைக்கை உதைத்துக்கொண்டு போனார். குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். தாவூது என்று பெயர். துண்டை முகத்தில் கட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"இன்னா மாமு பேஜாரு?"

கன்னியம்மா ஒரு பிடி மாவை அள்ளி அவன் முன்னால் ஊதினாள். அது கீழே விழவில்லை. வெயிலில் மிதந்தது. "இதான் உனக்கு நாஷ்டா, நைனா. எம் புருசன வந்து பாக்குறியா?"

தாவூது இருமினான். ஆன்றோவைப் பார்த்தான். "எனுக்கு ஹெல்மெட் கீதா சார்?"

"வந்த சோலியப் பாருல. கூப்ட்டா வாறவன் ஆயிரம் பேரு இருக்கான். ஸ்டேசனுக்கு ஒரு போன் போட்டா எல்லாவனும் உள்ள."

"போடு," என்றான் வரதன், என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தபடி.

ஆன்றோ செல்போனை எடுத்தார். தாவூது முகத்துத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கொஞ்சம் நவுரு மாமு."

நாங்கள் நகர்ந்து, குவியலில் அவனும் உட்கார இடம் விட்டோம்.