வாட்டிய தலை

ஆவி பறக்க ஒரு முழு ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து துலுக்கானத்தின் முன்னால் வைத்தார்கள். கூடவே ஒரு கத்தி. கூடாரத்துக்குள் வட்டமாக உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

குமணன்சாவடியில் முப்பத்தெட்டு வருஷம் கறிக்கடை நடத்தியவர் அவர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொடைக்கறி போடுவதுதான் முறை. கிர்கிஸ்தானுக்கு டாக்டருக்குப் படிக்க அனுப்பிய மகன் விஷால், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். பெண் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் அவர் விமானம் ஏறியதே. மூன்று மணி நேரம் ஜீப்பில் குலுங்கி, மரமே இல்லாத இந்த மலைக்கு வந்தால், குடிக்கக் கொடுத்தது புளித்த குதிரைப்பால். வழியெல்லாம் பூனை பருமனில் ஏதோ அணில் ஜாதி, எழுந்து நின்று விசிலடித்தது. அதுகூடத் தன்னைக் கேலி செய்வதாகவே அவருக்குப் பட்டது.

"இன்னாடா, தொடைய அவுங்க வச்சிக்கினு தலைய நம்ம பக்கம் தள்றானுங்க?" என்றார் பக்கத்திலிருந்த விஷாலிடம்.

"அய்யோ நைனா, பெரிய ஆளுக்குத்தான் தலைய வெப்பாங்க. நீதான் அறுத்துக் குடுக்கணும். காது புள்ளைங்களுக்கு. கண்ணு மட்டும், யார அடிக்கடி பாக்கணும்னு நெனைக்கிறியோ அவுங்களுக்கு."

"இது அந்தாளு சொன்னதா, நீயா கட்டிவுடறியா?"

பெண்ணின் அப்பா புரியாமலே தலையாட்டினார். துலுக்கானம் அதையும் நம்பவில்லை. கத்தி நுனியால் ஆட்டின் உதட்டை விலக்கினார். ரெண்டு பல், இளங்கிடா. கிழட்டை அறுத்து ஏமாற்றவில்லை. காதை மடக்கிப் பின்புறம் விரலை ஓட்டினார். தீயில் தலை வாட்டுகிறவன் சோம்பல் படுகிற இடம் அதுதான். அவர் கடையிலேயே அங்கே மயிர் நின்றுபோய் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. இதில் ஒரு மயிர் இல்லை. தோலும் தீயவில்லை.

"யார்றா வாட்டுனது?"

"அந்தப் பொண்ணுதான் நைனா. காலைலேர்ந்து."

"கையக் காட்டச் சொல்லு."

அடுப்போரம் நின்றிருந்தவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நகக்கண்ணில் கரி. கட்டைவிரலில் புதுக் கொப்புளம்.

துலுக்கானம் காதுகளை அறுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிறகு கத்தியை ஒரு சுழற்று சுழற்றினார். கண் முழுசாக வெளியே வந்தது. விஷால் கையை நீட்டினான்.

"எட்றா கைய. அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு சொன்ன?"

"ஆய்சுலு."

வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. வெளியே அந்த அணில் விசிலடித்தது. கத்தி நுனியில் கண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.