பாலத்தின் அக்கரையில் ஒரு நாற்காலி

மகளின் பிரசவத்துக்குக் கடல் தாண்டிப் போன என் மனைவி திரும்புவதாக இல்லை. பேரன் குப்புற விழுந்ததும் வருவதாகச் சொன்னாள், விழுந்தான். தவழட்டும் என்றாள். இந்த வேகத்தில் அவன் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் வருவாள்.

அதுவரை நான் தனியாகச் சாப்பிட வேண்டும். என் சமையலைக் கண்டு எறும்புகள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதுகூடப் பரவாயில்லை. எதிர் நாற்காலி காலியாக இருப்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வேளையாவது அவளை எதிரே வைத்துச் சாப்பிட வேண்டும்.

கைபேசியில் பார்க்கலாம்தான். கண்புரைக்காரனுக்கு அந்தத் துக்கடா திரையில் மனைவியும் மாவு மூட்டையும் ஒன்று. சாப்பாட்டு அறைச் சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி இருக்கிறது, தலையில் கேமராவோடு. ஆனால் அதில் வைஃபை வாங்கும் பாகம் செத்துவிட்டது. கம்பி செருகும் துளைக்கு மட்டும் உயிர் இருந்தது. ரவுட்டரோ வாசல் அறையில். நடுவே யானை முட்டினால் யானைக்கே வலிக்கும் சுவர். கம்பி இழுக்கத் துளை போட்டால் வீட்டுக்காரர் என்னையும் அதன் வழியாகவே வெளியேற்றுவார்.

மகள் வழி சொன்னாள். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை டிவி பக்கத்தில் வைத்து, ‘மீடியா பிரிட்ஜ்’ என்ற பால முறைக்கு மாற்ற வேண்டுமாம். புது ரவுட்டர் அனுப்பும் வைஃபையை அது காற்றில் பிடித்து, கம்பி வழியாக டிவிக்குக் கொடுத்துவிடும். வாங்கிக் கொடுக்கும் வேலை. ஆயுள் முழுக்கத் தபால் பிரித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று இறங்கினேன். புதியதில் இருந்த எண்களையெல்லாம் அச்சுப் பிசகாமல் பழையதிலும் பதித்தேன்.

வீட்டில் இணையம் மொத்தமாகப் படுத்துவிட்டது. போனில் விவரம் கேட்ட மகள் சிரித்துத் தீர்த்தாள்.

“அப்பா, ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரியக் குடுத்திருக்கீங்க. தபால் ஆபீஸ்ல நீங்க என்னதான் பண்ணீங்க?”

“டீ குடிச்சாரு,” என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

பழையதன் முகவரியில் கடைசி எண்ணை மாற்றிப் போட்டேன். பச்சை விளக்குகள் வரிசையாகக் கண் திறந்தன.

மறுநாள் எனக்கு மதியம், அவளுக்குக் காலை. தட்டோடு உட்கார்ந்தேன். சுவரில் வந்து உட்கார்ந்தாள் என் மனைவி, ஆளுயரத்துக்கு, கையில் காபியோடு. முதலில் தட்டைத்தான் பார்த்தாள்.

“அது என்ன, சிமெண்டா?”

பதில் யோசிப்பதற்குள் குழந்தை அழுதது. டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். போகிற அவசரத்தில் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

திரையில் காலி நாற்காலி. அத்தனை பாடுபட்டு, என் காலி நாற்காலிக்குத் துணையாக இன்னொன்றைக் கொண்டுவந்திருந்தேன்.

நானும் துண்டிக்கவில்லை. எங்கோ அவள் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம். ஒவ்வொரு பருக்கையாக எண்ணாத குறையாகச் சாப்பிட்டேன். தட்டு காலியானால் உட்கார்ந்திருக்க என்ன சாக்கு?

டம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள்.

“இன்னுமா சாப்பிடறீங்க?”

“மெதுவா சாப்பிடச் சொன்னது நீதானே.”

அவள் தன் முன்னால் இருந்த திரையைத் தூக்கிப் போய் அடுப்படியில் சாய்த்து வைத்தாள்.

“எனக்கு வேலை கெடக்கு. முதுகுதான் தெரியும், பரவாயில்லையா?”

“பாதிக் கல்யாண வாழ்க்கை அப்படித்தானே போச்சு.”

முதுகு குலுங்கியது. காய் நறுக்கும் சத்தம் தொடங்கியது.

நான் இன்னொரு கரண்டி சிமெண்ட் போட்டுக்கொண்டேன்.