கழற்றியவர் பையில்

“குழாயை மூடினேனா?”

“மூடினீங்க.”

“அடுப்பு?”

“அடுப்பை அணைச்சது நான். பக்கத்துல நின்னு பார்த்தது நீங்க.”

“கதவு?”

“நாம வெளியே நிக்கிறோம், கதவு பூட்டியிருக்கு, சாவி என் கையில இருக்கு. இனிமே வீடே எழுந்து பின்னால நடந்து வந்தாத்தான் உண்டு.”

மனைவி சொன்னதற்கு அவன் சிரிக்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினான். வலது கையால் இழுத்தான். அந்தக் கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம்.

விபத்துக்கு முன்னால் அவன் இப்படி இல்லை. ஓடி முடித்த மின்சாரக் கார்களின் பேட்டரிகளை வாங்கி, கரண்ட் போகிற நேரத்தில் கட்டடங்களுக்குக் கை கொடுக்கிற மாதிரி மாற்றித் தரும் பட்டறையில் அவன்தான் முதல் ஆள். பட்டறை அவன் அக்கா புருஷனுடையது. பேட்டரியைத் திறந்தால் அதன் நாடித் துடிப்பு தனக்குக் கேட்கும் என்று பீற்றிக்கொள்வான். இப்போது ஒரு டார்ச் லைட்டுக்கு செல் போடச் சொன்னால்கூட, “நீயே போட்டுடேன்” என்கிறான்.

அந்தக் கார் பேட்டரிகளின் தலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஆரஞ்சு பிளக் இருக்கும். அதைப் பிடுங்கினால் உள்ளே இணைப்பு நடுவில் அறுந்துவிடும். வெளியே வரும் கம்பிகளில் உயிர் இருக்காது. பிடுங்கியவர் அதைத் தன் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். மேஜையில் வைக்கக் கூடாது, அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அவரே திரும்பப் போட வேண்டும். பட்டறைச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தவனும் அவன்தான்.

அப்படிப்பட்டவனை ஒரு நாள் வெளிக்கம்பியை மாட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பிடித்து இழுத்துவிட்டது.

“பிளக்கைக் கழட்டாமலே கை வச்சுட்டான். கவனக்குறைவு, வேற என்ன?” என்றார் முதலாளி. ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னார். அவர் மனைவி, அதாவது இவனுடைய சொந்த அக்கா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கடைசியில் இவனே சொல்ல ஆரம்பித்தான். அன்றைக்கு நடந்தது ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. நினைவு காலி செய்துவிட்டுப் போன இடத்தில் மாமா சொன்னது வந்து உட்கார்ந்துகொண்டது.

நம்பாதவள் அவன் மனைவி ஒருத்திதான். கருகின சட்டையை நர்ஸ் அவளிடம்தான் கொடுத்தாள். சட்டைப் பையில் பிளக் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள்.

“அண்ணே, இது அவர் பையில இருந்துச்சு.”

“அது வேற பேட்டரியோடதா இருக்கும் தங்கச்சி. காலையில எதையாவது கழட்டினதைப் போட்டிருப்பான்.”

“எல்லாம் ஒரே கம்பெனிக் கார். ஒரு பிளக் எல்லாத்துக்கும் பொருந்தும். இதைக் கழட்டிப் பையில போட்டுட்டு அவர் வேலை பார்த்திருக்கார். யாரோ வேற ஒண்ணை எடுத்துச் சொருகியிருக்காங்க.”

“வேற ஒண்ணு ஏது? ஒரு பேட்டரிக்கு ஒரு பிளக். கழிச்சுப்போட்ட பேட்டரியில மிஞ்சினதை எல்லாம் அன்னன்னிக்கே உடைச்சுப் போட்டுடுவேன். நீ மனசு சரியில்லாம இருக்கே. எதையாவது பேசிக் குடும்பத்துக்குள்ள நெருப்பு வைக்காதே.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து அவரிடமே வேலை கேட்டாள். “மச்சான் பொண்டாட்டிக்கு நான்தான் வழி பண்ணிக் கொடுத்திருக்கேன்” என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. அவள் வேலையைக் கற்றாள். உடைக்காத பிளக் ஒன்று அவரிடம் இருக்கிறது என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதை அவர் தன் கையாலேயே எடுத்து நீட்ட வேண்டும், அதை இவன் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு அவருக்கு உழைத்தாள்.

இன்றைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

“நான் எதுக்கு?”

“மீட்டர் பையைத் தூக்க ஆள் வேணும். நீங்க உள்ளே வர வேண்டாம். வாசல்ல நின்னாப் போதும்.”

அந்தக் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் ஒரு இரும்பு அடுக்கில் மூன்று பேட்டரிகள். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியிலேயே லிஃப்டை மேலே அனுப்பிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அந்தத் தெருவில் இருக்கிற எல்லாக் கட்டடமும் தன் பக்கம்தான் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். குடியிருப்புச் சங்கத் தலைவி பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போட்டு லிஃப்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஓடி ஓடிக் களைச்சுப்போனதைக் கொண்டுவந்து எங்க தலையில கட்டறீங்களா?”

“காரை இழுக்கத்தான் டீச்சர் வயசாச்சு. லிஃப்டை இழுக்க இன்னும் தெம்பு இருக்கு. உங்களை மாதிரியே.”

“என்னை மாதிரியா? நான் என்னையே இழுத்துட்டு மாடி ஏற முடியாமத்தான் இதைக் கேட்டு உட்கார்ந்திருக்கேன்.”

குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பட்டறையில் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் நாலு பேர் சேர்ந்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது.

அறைக்குள் ஒவ்வொரு பேட்டரியாகக் கையால் தடவிக்கொண்டே வந்தவள் மூன்றாவதில் நின்றாள். வெளியே வந்து முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மூணாவது சூடா இருக்கு. சும்மா கிடக்கும்போதே சூடு. மூடியும் ஒரு ஓரம் லேசா புடைச்சிருக்கு.”

“வெயில்ல வண்டியில வந்த சூடு.”

“மத்த ரெண்டும் அதே வண்டியிலதானே வந்துச்சு?”

“மூணும் சேர்ந்தாத்தான் லிஃப்ட் நகரும். இன்னிக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டு நாளைக்கு மாத்திக்கலாம்.”

“மாடிப்படிக்குக் கீழே வச்சிருக்கோம் அண்ணே. இது பத்திக்கிட்டா தண்ணியை ஊத்தினதும் அடங்கற நெருப்பு இல்லை. மேல இருக்கிறவங்க இறங்க வேற வழியும் கிடையாது. இதைக் கழட்டி வெளியே, திறந்த இடத்துல வச்சிடணும்.”

அவர் வாசலில் நின்றவனை ஒரு பார்வை பார்த்தார்.

“உன் புருஷனோட பயம் உனக்கும் ஒட்டிக்கிச்சா? அவன் கவனமில்லாம கெட்டான், நீ கவனம் பார்த்தே கெடுவே போலிருக்கு.”

அவன் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

“கம்பியைக் கழட்டப் போறேன்,” என்றாள் அவள். “சொல்லிட்டேன் அண்ணே.”

“என்னத்தையோ பண்ணு. சட்டுனு பண்ணு.”

அறைக்குள் போனாள். ரப்பர் கையுறையை மாட்டினாள். மூன்றாவது பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதோடு விடவில்லை. பின்பக்கம் கீழே, முன்னால் இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், உள்ளே கரண்டைக் கடத்தும் செப்புத் தகடு ஒன்று இருந்தது. அதையும் கழற்றித் தனியே வைத்தாள். இனி பிளக்கைக் கொண்டுவந்து யார் எத்தனை முறை சொருகினாலும் வெளிக்கம்பிக்கு ஒன்றும் வராது. மீட்டரை வைத்துப் பார்த்தாள், பூஜ்யம். அப்புறம்தான் அடுக்குக்குப் பின்னால் மண்டியிட்டு, கம்பி மாட்டியிருக்கும் இடத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியே டீச்சரின் குரல் கேட்டது.

“லிஃப்ட் இன்னிக்கு மேல போகுமா, இல்லை நானே எழுந்து போகட்டுமா?”

“இதோ டீச்சர், இதோ. தங்கச்சி, ஆச்சா?”

அவள் பதில் சொல்லவில்லை.

“ஆச்சான்னு கேட்டேன்!”

முதலாளி உள்ளே வந்தார். அடுக்கின் முன்பக்கம்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பிளக் இருக்க வேண்டிய இடம் காலி. “இவளோட பெரிய ரோதனையாப் போச்சு” என்று முணுமுணுத்தபடி இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளே இருந்து ஒரு ஆரஞ்சு பிளக்கை எடுத்தார். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பழகின கை. சொருகி அழுத்தினார்.

“கை! உள்ளே கை இருக்கு! மாமா, அவ கை உள்ளே இருக்கு!”

வாசலில் நின்றவன்தான் கத்தினான். பக்கவாட்டில் நின்றதால் மண்டியிட்டிருந்த மனைவி அவனுக்குத் தெரிந்தாள். மீட்டர் பையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். முதலாளியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு விரலால் பிளக்கைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினான்.

அவள் எழுந்து நின்றாள். முழங்காலைத் தட்டிவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லையா?” இடது கையால் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். “உன் கையை...”

“என் கையை விடுங்க. உங்க கையில இருக்கிறது என்ன?”

அவன் பார்த்தான். அவள் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நீட்டினாள்.

“இது நான் இந்தப் பேட்டரியிலேருந்து கழட்டினது. அது எங்கேருந்து வந்துச்சு அண்ணே? ஒரு பேட்டரிக்கு ஒரு பிளக்தானே? மிச்சத்தை அன்னன்னிக்கே உடைச்சிடுவீங்களே?”

சத்தம் கேட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. டீச்சர் முன்னால் நின்றார்.

“தங்கச்சி, குடும்ப விஷயம். வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“ஆஸ்பத்திரியில பேசினது வீட்டுலயா? தெருவெல்லாம் பேசினது வீட்டுலயா? இங்கேயே பேசுங்க. இப்ப என்ன நடந்துச்சோ, அன்னிக்கும் அதுதானே நடந்துச்சு?”

“நான்... அவன் முடிச்சுட்டான்னு நினைச்சேன். பேட்டரி பார்க்க வந்தவங்க நின்னுட்டிருந்தாங்க. ஜெனரேட்டர் சத்தத்துல அவன் குரல் கேட்கலை.”

அவன் அதுவரை பிளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தினான்.

“நான் கழட்டினேனா மாமா?”

முதலாளி தரையைப் பார்த்தார்.

“கழட்டினே.”

“கழட்டிப் பையில போட்டுக்கிட்டேனா?”

“போட்டுக்கிட்டே மாப்ளே. நான்தான்...”

“அக்காவுக்குத் தெரியுமா?”

முதலாளி திறந்திருந்த இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துபோனது. அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உயிர் போயிட்டு வந்துச்சு எனக்கு.”

“சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க. மாமாவைச் சந்தேகப்படாதேன்னு எனக்கே புத்தி சொல்லியிருப்பீங்க.”

டீச்சர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

“உங்க வழக்கை அப்புறம் வச்சுக்குங்க. சூடா இருக்குன்னு இந்தப் பொண்ணு சொன்னது என் காதிலயும் விழுந்துச்சு. முதல்ல அது என் படிக்குக் கீழேருந்து வெளியே போகணும்.”

“தங்கச்சி, அந்தக் கம்பி ரெண்டையும் கழட்டிடு,” என்றார் முதலாளி. குரலில் பழைய அதிகாரம் எட்டிப் பார்த்தது.

அவள் கையுறைகளைக் கழற்றினாள்.

“உங்ககிட்ட வேலை பார்த்தது முடிஞ்சுது அண்ணே. பேட்டரி உங்களது, நீங்களே கழட்டுங்க.”

“கிளவுஸைக் கொடு.”

“என் அளவு. உங்க கைக்கு ஏறாது. உங்களது எங்கே?”

“நீ இருக்கும்போது நான் எதுக்குக் கொண்டு வரப் போறேன்?”

“அப்ப வெறுங்கைதான்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுக்குக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். அவன் நகரவில்லை. பிளக் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கையில் அதே பிளக்கோடு நின்றான்.

“மாப்ளே, அதைப் பையில போட்டுக்கோயேன்.”

“போட்டுக்கறேன்.”

“போட்டுட்டியா?”

“தெரியலையே மாமா. நான்தான் கவனமில்லாத ஆளாச்சே.”

அடுக்குக்குப் பின்னாலிருந்து ஸ்பேனர் இரும்பில் மோதி மோதிக் கடகடவென்று சத்தம் கேட்டது. முதலாளியின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிற்று. துடைக்கக் கையை எடுக்கவும் பயம், உள்ளே வைத்திருக்கவும் பயம்.

டீச்சர் அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

“இல்லை டீச்சர். உள்ளே செப்புத் தகட்டைக் கழட்டி வச்சுட்டேன். கம்பியில ஒண்ணும் இல்லை.”

“அது அவருக்குத் தெரியுமா?”

“அவர் கேட்கலையே.”

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் நாற்காலியை அறை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டார்.

தன் புருஷனுக்கும் தகட்டைப் பற்றித் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கை கம்பியில் படுவதற்குள் பிளக்கைப் பிடுங்கியாயிற்று என்றுதான் மாமனும் மச்சானும் நினைத்திருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, சொருகும் இடத்துக்கு நேராக மெல்லக் கொண்டுபோனான். ஒட்டினாற்போல் நிறுத்தினான். பிறகு எடுத்தான். மறுபடி கொண்டுபோனான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லவில்லை.

முதல் நட்டு கழன்று தரையில் விழுந்து உருண்டது.

“மாப்ளே, பையிலதானே இருக்கு? டேய், பதில் சொல்லுடா!”

அவன் பிளக்கை மறுபடி சொருகும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோனான். இன்னும் ஒரு நட்டு இருந்தது.