ஆறு இறங்கிய காலை

விடியும் முன்பே மஸ்தூரா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். கயிற்றின் மறு முனையை இரும்பு முளையில் முடிந்திருந்தாள். போன இலையுதிர் காலம்வரை அந்த முனையைப் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். நீர்மட்டம் அளக்கும் நான்கு நிலையங்களிலும் ஓர் ஆற்றுக்கு ஓர் ஆள் போதும் என்று மாவட்ட அவசரகால மையம் உத்தரவு போட்டதும் அவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். இப்போது குடிசையில் அவளும் ஒரு வானொலிக் கருவியும்தான்.

படிகளில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. கோடரியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக இறங்கினாள். கையுறை நனைந்து விரல்கள் மரத்துப்போயின. பாதி வழியில்தான் உறைத்தது. ஒரு வாரமாகக் காதைக் கிழித்த ஆற்றின் இரைச்சலைக் காணோம்.

கடைசிப் படியில் நின்று விளக்கைத் தூக்கினாள். அளவுகோல் நின்றது, அதன் அடியில்தான் தண்ணீர் கிடந்தது. நேற்று மாலை இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர். இப்போது எண்பத்திரண்டு. ஈரப் பாறைகளின் நடுவே தேங்கிய குட்டையில் சின்ன மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

இரவில் குளிர் கூடினால் ஆறு ஒரு சாண் இறங்கும். ஆனால் நேற்றிரவு குளிரே இல்லை. மலை உச்சிவரை மழை பெய்திருந்தது. ஏற வேண்டிய ஆறு இறங்கியிருக்கிறது என்றால், மேலே எங்கோ பனிச்சரிவு விழுந்து அதை மறித்திருக்கிறது. மறித்த தண்ணீர் மறித்தபடியே நிற்காது.

பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே சோர்தரா. எண்பது வீடுகள். வெள்ள எச்சரிக்கையால் அந்த ஜனங்கள் ஐந்து நாளாக மேட்டுப் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள்.

மஸ்தூரா கயிற்றைப் பற்றிக்கொண்டு திரும்பினாள். படிகளில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

கருவியில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மையத்துத் தலைவர் நஸ்ருல்லோயெவ் உற்சாகமாக இருந்தார்.

"ஒண்ணாம் நிலையம் இயல்புன்னு சொல்லிட்டாரு. மூணாம் நிலையம், அளவு சொல்லுங்கக்கா."

"எண்பத்திரண்டு."

"அப்பாடா! வடிஞ்சிடுச்சு. இயல்புன்னு சொல்லுங்க, அவசர நிலைய எடுத்துடறேன். மதியம் டிவிக்காரங்க வர்றாங்க, ஜனங்க வீடு திரும்பறதப் படம் புடிக்க."

"வடியல தலைவரே. மேல அடைச்சிருக்கு. யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க."

"அடைச்சதப் பாத்தீங்களா?"

"எங்கேருந்து பாக்கறது? மேல ஏறிப் பாத்துட்டு வந்த ஆளத்தானே நீங்க வேலையவிட்டு எடுத்தீங்க!"

நஸ்ருல்லோயெவ் தாளைப் புரட்டும் சத்தம் வந்தது.

"அக்கா, என் தாள்ல எண்ணுக்குக் கட்டம் இருக்கு. உங்க பயத்துக்குக் கட்டம் இல்ல."

"அப்ப கட்டத்துக்கு வெளிய எழுதுங்க."

"இத பாருங்க, மூணு நிலையம் இயல்புன்னு சொன்னா எனக்குப் போதும். உங்க நிலையத்துல அளவுக் கருவி பழுதுன்னு எழுதிக்குவேன். பழுதான நிலையத்துக்கு ஆள் எதுக்கு? மூட்டையக் கட்டிக்கிட்டு இறங்கிடுங்க."

இறங்கி எங்கே போவது? கணவன் ரஷ்யாவுக்குப் போய் ஒன்பது வருடம். அங்கே வேறு குடும்பம். இந்தத் தகரக் கூரையை விட்டால் அவளுக்கு வேறு கூரை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே மலை, மலைக்கு அப்பால் இன்னொரு மலை. நாள் முழுக்கக் கத்தினாலும் கேட்க ஒரு நாய்கூட இல்லை.

"என் கருவி நல்லாத்தான் இருக்கு. இயல்புங்கற வார்த்தைய நான் சொல்லமாட்டேன்."

"சரி, உங்க விருப்பம். ரெண்டாம் நிலையம்?"

ரெண்டாம் நிலையம் கிமத். ஏழு வருடமாகக் காலையும் மாலையும் கேட்கிற குரல். முகம் எப்படி இருக்கும் என்று மஸ்தூராவுக்குத் தெரியாது. இருமலை வைத்து உடம்பு சரியில்லை என்று மட்டும் கண்டுபிடிப்பாள்.

"நூத்தி நாப்பது," என்றாள் கிமத்.

"இயல்புதானே?"

"என் ஆறு ஒழுங்கா ஓடுது. ஆனா அந்த வார்த்தைய வெச்சு நீங்க சோர்தராக்காரங்கள வீட்டுக்கு அனுப்புவீங்க. எண் வேணும்னா எடுத்துக்குங்க. வார்த்தை கெடயாது."

"நாலாம் நிலையம்! பிர்னசார் அண்ணே, நீங்களாவது பெரிய மனுஷனா சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி. டிவிக்காரங்கள இங்க அனுப்பு. குளிக்காத தாடி ஒண்ணு இருக்கு, படம் புடிச்சுட்டுப் போகட்டும்." பிர்னசார் கனைத்துக்கொண்டார். "நூத்திப் பத்து. எழுதிக்க. அவ்வளவுதான்."

"வேலை போயிடும்ணே!"

"போகட்டும். நாலு பேரையும் எடுத்துட்டு நீயே நாலு ஆத்துலயும் கயிறு கட்டி இறங்கு."

ஒண்ணாம் நிலையத்துப் போய்முராத் மூன்று குழந்தைக்காரன், வாய் திறக்காத மனுஷன். அவன் குரல் மெல்ல வந்தது.

"தலைவரே... காலையில இயல்புன்னேனே. அத அடிச்சிடுங்க. நான் சொல்லல."

மஸ்தூரா கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு குரல் குறுக்கே புகுந்தது, இயந்திர உறுமலோடு. சோர்தராப் பாலத்தடியில் சேறு வாரும் பொக்லைன் ஓட்டுநர் சவ்லத்.

"வண்டி ரேடியோவுல கேட்டுட்டுத்தான் இருந்தேன். வண்டிய மையத்துக்குத் திருப்பச் சொன்னீங்கள்ல? திருப்பல. பள்ளிக்கூடத்துப் பக்கம் பாலத்துக்குக் குறுக்க நிறுத்திட்டேன். வீட்டுக்குப் போகணும்னு நெனைக்கறவன் என்னத் தாண்டித்தான் போகணும். மக்கா, மேல என்னதான் வேணும் உங்களுக்கு?"

"மேல ஏறிப் பாக்க ஆளு," என்றாள் மஸ்தூரா. "எடுத்த ரெண்டு பேரையும் திரும்ப அனுப்பணும். மத்த நிலையத்து ஆளுங்களையும்."

"கேட்டுச்சா தலைவரே?" என்றார் பிர்னசார்.

தலைவர் குரல் தணிந்தது. "மாகாணத்துல கேக்கறேன். சாயங்காலம் வரைக்கும் அவசர நிலை இருக்கட்டும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல." தொடர்பு அறுந்தது.

சாயங்காலம் வரைதான். ஆள் வருமா என்பதும் தெரியாது. மேலே தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்றும் தெரியாது.

"மஸ்தூரா," என்றாள் கிமத். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "கால் மணிக்கு ஒருதரம் அளவு சொல்லு. கருவி பழுதுன்னு அவங்க எழுதினா, எழுதட்டும். நாங்களும் எழுதி வெக்கறோம்."

மஸ்தூரா மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மலை முகட்டில் வெயில் விழுந்திருந்தது. ஏறி வந்து மூச்சிரைக்கக் கருவியை எடுத்தாள்.

"எழுபத்தொன்பது."

"எழுபத்தொன்பது," என்றாள் கிமத்.

"எழுபத்தொன்பது." பிர்னசார்.

"எழுபத்தொன்பது," என்றான் போய்முராத், இந்த முறை உரக்க.

பொக்லைன் உறுமலுக்கு மேலே சவ்லத் கத்தினான். "எழுபத்தொன்பது! சேத்துலயே எழுதிட்டேன்!"