எண்ணெய் தேசத்துக்கு ஓர் ஆள்

ஈரானில் அபாதான் எண்ணெய் ஆலை மூடியதற்கு மறு வருஷம், குவைத்துக்கு ஆள் எடுக்க ஏஜென்ட் கலீலுல்லா சாயபு ராயபுரம் வந்தார். மண்ணெண்ணெய் டிப்போவில் டின்களுக்கு ஈயம் பற்றவைக்கிறவர்களில் லூயிசையும் ராசையாவையும் பொறுக்கி நிறுத்தினார். இடம் ஒன்றுதான். அது லூயிசுக்கு என்று டிப்போ முழுக்க முடிவு கட்டியாகிவிட்டது. ராசையாவும் அப்படித்தான் நினைத்தான். அதனால்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

லூயிசுக்கு என்ன குறை? பிறந்த தெருவிலேயே வேலை. வேலை விட்டு வந்தால் வெந்நீர் வைத்துத் தர அம்மா வியாகுலம்மாள். அந்த வீட்டுப் பின்கட்டு அறையில்தான் ராசையா வாடகைக்கு இருந்தான். அவன் சாத்தான்குளம் பக்கம். ஊரில் அவனுக்கென்று மிஞ்சியிருந்தது தேரி மணலில் ஒரு துண்டு நிலம். அதில் முருங்கைகூட முளைக்க யோசித்தது.

டிப்போ முற்றத்தில் சாயபு பெஞ்சில் உட்கார்ந்து கதை சொன்னார்.

"குவைத்துக்காரங்க முன்னே முத்துக் குளிச்சு வயிறு கழுவின ஜனம். இப்போ மணலுக்கு அடியிலே எண்ணெய். துனியாவிலே உள்ள கப்பலெல்லாம் அவங்க வாசல்லே நிக்குது. அபாதான் மூடினான், உங்க தெருவிலே அடுப்பு அணைஞ்சுது. பார்த்தீங்களா இல்லியா?"

"எங்க ஊர்லயும் மணலுதான் சாயபு" என்றான் ராசையா. "எத்தன கெணறு தோண்டியாச்சி. உப்புத் தண்ணிதான் வருது."

"உன் ஊரு மணலு உன்ன மாரியே மாமு" என்றான் லூயிஸ். "மேல சூடு, உள்ள ஒண்ணியும் கெடையாது!"

எல்லாரும் சிரித்தார்கள். ராசையா சிரிக்கவில்லை. கண்ணால் காணாத அந்த மணலின் மேல்கூட அவனுக்கு வயிறு எரிந்தது. நம் மணலுக்கு மட்டும் ஏன் அடியில் ஒன்றும் வைக்கவில்லை கர்த்தர்?

சோதனை இதுதான். ஆளுக்கொரு டின்னுக்கு அடித்தகடு பற்றவைக்க வேண்டும். ஈயம் ஒட்டிய அந்தப் பற்றின்மேல் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளை கறுத்துவிடும். யார் டின் என்று தெரிய அவரவர் வேலை நம்பர் பொறித்த பித்தளை டோக்கனைக் கைப்பிடியில் கட்ட வேண்டும்.

லூயிஸ் ஈயத்தை மெலிதாக இழுத்தான். பற்று வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது. ராசையா இழுத்தது ஆறின கஞ்சி மாதிரி தடித்துக் கிடந்தது. ஓரிடத்தில் புடைத்தும் இருந்தது.

"இன்னா மாமு, அடை தட்டிக்கினு கீறியா?" என்றான் லூயிஸ்.

சுண்ணாம்பு காய்ந்து எண்ணெய் ஊற்றியதும் சாப்பாட்டு மணி அடித்தது. சாயபு தொழுகைக்குப் போனார். கொட்டகையில் யாருமில்லை. இரண்டு டின்னும் இன்னும் வெள்ளையாகவே நின்றன. வடிவாய் இழுத்திருந்த லூயிசின் டின்னை ராசையா ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான். தன் டின் கசியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு டோக்கனையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினான். பிறகு குழாயடியில் போய்க் கை கழுவினான், சாப்பிடாமலே.

எல்லாரும் திரும்பி வந்தபோது ஒரு டின்னின் வெள்ளையில் கறுப்பாய் ஒரு கோடு இறங்கியிருந்தது. மெலிதாய் இழுத்த டின். அதில் தொங்கியது ராசையாவின் டோக்கன். தடித்த பற்று பொட்டுக்கூட நனையவில்லை. அதில் லூயிசின் டோக்கன்.

"லூயிஸ்! சபாஷ், நீதான் குவைத் போறே" என்றார் சாயபு.

ராசையாவின் வாய் ஒருமுறை திறந்தது. மாற்றிக் கட்டினேன் என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டான்.

லூயிஸ் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சுண்ணாம்புக்கு அடியிலும் அந்தப் புடைப்பு தெரிந்தது. ஆட்கள் கலைந்ததும் ராசையாவைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"அது உன் பத்து மாமு. என்து ஒழுகிச்சு. நீ பாத்துக்கினு, எனுக்காவ டோக்கன மாத்திக் கட்டிக்கீற." அவன் கண் கலங்கியிருந்தது. "கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்யா. நா போய் உண்மைய சொல்லிட்டா?"

"சொன்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாவ. பேசாம போ."

சொன்னது பயத்தில். லூயிசுக்கு அதுவும் பெருந்தன்மையாகவே கேட்டது.

அன்று வியாகுலம்மாள் வஞ்சிரம் வறுத்தாள். நடுத்துண்டை லூயிஸ் தட்டில் வைக்காமல் ராசையா தட்டில் வைத்தாள்.

"இனிமே நீதான் நைனா எனுக்குப் பெரிய புள்ள. வாடகையும் வாணா, ஒண்ணியும் வாணா."

ராசையா மீனைப் பிட்டான். எதிரே லூயிஸ் வால் துண்டைச் சந்தோஷமாய்ச் சப்பிக்கொண்டிருந்தான். வேலை போனது போகட்டும். நன்றி சொல்லி இப்படி லேசாகச் சிரிக்க முடிகிறதே அவனால், அதுதான் ராசையாவுக்கு முள்ளாய்க் குத்தியது.

குவைத் கப்பல் பிடிக்க லூயிஸ் பம்பாய்க்கு ரயிலேறின மறு மாதம், வியாகுலம்மாள் மண்ணெண்ணெய் வாங்கிவரப் பாட்டிலையும் அதைக் கட்டித் தூக்கும் கயிற்றையும் ராசையா கையில் கொடுத்தாள். அந்த வேலை லூயிஸ் செய்துகொண்டிருந்தது. கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு வரிசை தெருக்கோடி வரை நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது.

முன்னால் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"வியாகுலம் வூட்டுப் பெரிய புள்ள தானே நீ? உன் தம்பி எண்ணெ ஊத்து மேலயே குந்திக்கினு கீறானாம். உனுக்கு இன்னாடா இங்க லைனு?"

ராசையா பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நவுரு ஆயா" என்றான். வடசென்னைப் பேச்சு அவன் வாயில் அன்றுதான் முதலில் வந்தது. "லைனு போவுது பாரு."