நைஸ் என்று பெயர் வந்த விதம்

மரச்சாமான் பட்டறையில் நாற்காலிக் கால்களையும் மேசைப் பலகைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் அவர் வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் 'நைஸ்'. பாராட்டித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளூர ஒரு பெருமை அவருக்கு.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவள் அவருடைய மகள். கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நைஸ்ங்கிற வார்த்தை லத்தீன்லேருந்து வந்ததாம். ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்தப்போ முட்டாள். அப்புறம் கூச்சக்காரன், நுணுக்கம் பார்க்கிறவன்னு மாறி மாறி, ரொம்ப நாள் கழிச்சுத்தான் நல்லதுன்னு ஆச்சாம்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்போ இத்தனை வருஷமா என்னை முட்டாள்னா கூப்பிட்டானுங்க?"

"அவங்களுக்கு லத்தீன் தெரியுமாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

மனைவி விடவில்லை. "நைஸ் பண்ணிப் பேசியே காரியம் சாதிக்கிற ஆளாச்சே நீங்க, அதைப் பார்த்து வச்சிருப்பாங்க. எங்கப்பாவையே அப்படித்தானே கவுத்தீங்க!"

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்ததுமே முதலாளியம்மாவைப் பிடித்தார்.

"அது உங்க கைவேலைக்கு வந்த பேருண்ணே. நீங்க தேச்ச பலகையில ஈ உட்கார்ந்தா வழுக்கிடும்," என்றார் அந்தம்மா.

மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை லாரி டிரைவர் கொஞ்ச நேரம்கூட விட்டுவைக்கவில்லை. "சாமான் ஏத்தணும்னா நைஸா நழுவிடுவியே, அதுக்குத்தான்யா!"

ஆளுக்கொரு அர்த்தம். பெயரை வைத்தவரையே கேட்டுவிடுவோம் என்று விசாரித்தால், எல்லாரும் நாற்காலிக் கால்களை இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் கடைசல்காரரைக் கை காட்டினார்கள். பட்டறையிலேயே பழைய ஆள் அவர். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீ வேலைக்கு வந்த அன்னைக்கு உன் பேரைக் கேட்டேன். மெஷின் ஓடிட்டிருந்துச்சு. நீ வேற தூசிக்கு மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தே. என்னமோ சொன்னே, என் காதுல நைஸ்னு விழுந்துச்சு. மறுபடி கேட்கச் சங்கடமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"அப்போ என் நிஜப் பேரு?"

"இன்னிக்கு வரைக்கும் தெரியாதுய்யா."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முட்டாளும் இல்லை, கெட்டிக்காரனும் இல்லை. வெறும் காதுக் கோளாறு! பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து, கடைசல்காரரின் காதருகே தன் பெயரைச் சொன்னார்.

"அட, நல்லாத்தானே இருக்கு! இனிமே அப்படியே கூப்பிடறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானம் பசை டப்பா வேண்டும் என்று அந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கத்தினார். யாரோ புது ஆளைச் சேர்த்திருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு இவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கடைசல்காரரே முனகிக்கொண்டு எழுந்து வந்து டப்பாவை எடுத்துப் போனார்.