மார்கெத்தாவின் கண்ணாடி

பின்லாந்தின் கொக்கோலா நகரில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்தான். பட்டாளத்திலும் அதுதான், ஆஸ்பத்திரியிலும் அதுதான். மார்கெத்தாவின் வகுப்பில் மட்டும் அந்த சூப்பே பாடம். மற்றப் பள்ளிகளில் படிப்பு ஏறாது என்று ஒதுக்கப்பட்டு வந்த பிள்ளைகள் அவளுடையவர்கள். சுவரில் இருக்கும் செய்முறையை எழுத்துக்கூட்டிப் படித்தால் அது வாசிப்பு. அரை லிட்டர் தண்ணீர் அளந்தால் அது கணக்கு. சூப் பானையை இறக்கியதும் மின்அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அது உயிரோடு இருப்பதற்கான பாடம்.

தப்பு செய்தால் அந்த வகுப்பில் திட்டு கிடையாது. கதவுக்கு வெளியே போக வேண்டும், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வர வேண்டும், முதலிலிருந்து செய்ய வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

சைமிக்குப் பத்தொன்பது வயது. சுத்தமாகச் சமைப்பாள், அளவு பிசகாது. அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆற்றங்கரையில், அவளைப் போன்றவர்கள் துணையாளர்களோடு குடியிருக்கும் வீட்டில் தனக்கென்று ஒரு அறை. மஞ்சள் திரைச்சீலைகூட வாங்கி வைத்துவிட்டாள். அவள் அம்மா தூலிக்கிக்கு இதயத்தில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. தனக்கு ஒன்று ஆவதற்குள் மகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஒரே பிரார்த்தனை.

அந்த வீட்டை நடத்துகிற சிர்க்கா கறாரான மனுஷி. தானாக அணையும் கருவி அங்கே அடுப்புகளில் உண்டு. ஆனால் அதை நம்பி நான் ஆளைச் சேர்ப்பதில்லை, அவர்களே அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டும். பிறகு வாயால் சொல்ல வேண்டும். பிறகு சாடை. கடைசியில் அந்தச் சாடையையும் எடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் ஆளைக் கொல்லும். பிள்ளை தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க யாருக்கு மனசு வரும்? மார்கெத்தாவுக்கு வரவில்லை.

உதவியாசிரியர் இல்மாரிதான் முதலில் சொன்னார்.

"நீ மூக்குக்கண்ணாடியத் தொட்டாத்தான் சைமி அடுப்ப அணைக்கிறா. கவனிச்சியா?"

"மூக்கு அரிக்குது, தொடுறேன். அதுக்கு என்ன இப்ப?"

"உன் மூக்குக்கு ரொம்ப விவரம். பானைய இறக்கினதும் கரெக்டா அரிக்குது."

மார்கெத்தா சிரித்து மழுப்பினாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வாரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தாள். இருபது வருஷ அனுபவம், நகரத்திலேயே நல்ல வகுப்பு என்று பேர் வேறு. ஆளுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது.

ஆற்றங்கரை வீட்டில் ஒரு அறை காலியானது. சைமி சமைப்பதைப் பார்க்க சிர்க்கா வகுப்புக்கு வந்தாள். தூலிக்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சைமி செய்முறையை விரல் வைத்துப் படித்தாள், தண்ணீர் அளந்தாள், பட்டாணியைக் குழைய விட்டாள். பானையை இறக்கி மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தாள். அடுப்பு வட்டம் பின்னால் செக்கச்செவேலென்று சிவந்துகிடந்தது. சைமி திரும்பி மார்கெத்தாவின் முகத்தைப் பார்த்தாள். சிர்க்கா அடுப்பைப் பார்த்தாள்.

இத்தனை நாளும் அந்தக் கை பழக்கத்தில் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. மார்கெத்தா தெரிந்தேதான் கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தொட்டாள். சைமி போய்க் குமிழைத் திருகினாள்.

"யாரும் வாயத் திறக்கல, அவளாப் போய் அணைச்சா. எனக்கு இது போதும்," என்றாள் சிர்க்கா.

தூலிக்கி அழுதே விட்டாள். "எல்லாம் உன்னாலதான் மார்கெத்தா. நீ நல்லா இருக்கணும்."

இல்மாரி துடைத்த கரண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டை மார்கெத்தா சூப்போடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

குடிபோகும் நாளுக்கு முதல் நாள் வகுப்பில் காபியும் கேக்கும் வைத்து வழியனுப்பினார்கள். தூலிக்கியும் வந்திருந்தாள். சிர்க்கா அறைச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். காபி ஆவி படிந்த கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள் மார்கெத்தா. சைமி அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சைமி, அது என்னோடது."

"தெரியும். எனக்கு வேணும். அங்க அடுப்பு இருக்குல்ல."

"அடுப்புக்கு எதுக்கும்மா கண்ணாடி?" என்று சிரித்தாள் சிர்க்கா.

சைமி பையிலிருந்து எடுத்து அவளிடமே நீட்டினாள். "உனக்குக் கண்ணாடி இல்லல்ல, அதான். இதப் போட்டுக்கோ. நான் பானைய இறக்குவேன், நீ இதத் தொடணும். அப்ப நான் அணைச்சிருவேன். மார்கெத்தா அப்படித்தான் தொடுவா. கஷ்டமே இல்ல, நான் சொல்லித் தரேன்."

சிர்க்கா சிரிப்பதை நிறுத்தினாள். "அன்னைக்கும் தொட்டியா மார்கெத்தா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்குநுனி வரை வந்தது. சைமி பக்கத்தில் நின்று, எந்தச் சூதும் தெரியாமல், எல்லோருக்கும் உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்து நிற்கும்போது வாய் வரவில்லை.

"ஆமா. தெரிஞ்சேதான் தொட்டேன்."

சிர்க்கா கண்ணாடியை மேஜையில் வைத்தாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "மத்தவங்களும் தூங்குற வீடு அது. அடுத்து ஒரு பையன் காத்திருக்கான், அறை அவனுக்குப் போகும். இன்னொண்ணு எப்ப காலியாகும்னு எனக்கே தெரியாது," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தூலிக்கி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள். "பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கேன்," என்றாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மார்கெத்தா. நான் வீட்ல பழக்கியிருப்பேன்ல."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது மார்கெத்தாவுக்கு. அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு யோக்கியதை இல்லை. கேக்கைப் பார்த்தாள். கேக்கில் சைமியின் பெயர் எழுதியிருந்தது.

சைமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தப்பாயிருச்சா? யாரு பண்ணா? நானா?"

"நீ இல்ல கண்ணு. நான்."

சைமி கதவைக் காட்டினாள். "அப்ப வெளிய போ. கையக் கழுவிட்டு வா. முதல்லேர்ந்து."

இல்மாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்கெத்தா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, வெளியே போனாள். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது சிர்க்காவும் தூலிக்கியும் போயிருந்தார்கள். அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்ததால் சைமிக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மேஜைக்கடியில் உட்கார்ந்து, கூப்பிடக் கூப்பிட வராமல், பள்ளி விடும்வரை அழுதாள். மார்கெத்தா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை மார்கெத்தா கண்ணாடியைக் கழற்றி, வெளியே தன் கோட்டுப் பையில் போட்டுவிட்டு வகுப்புக்குள் வந்தாள். சைமி பட்டாணியைக் குழைய விட்டாள். பானையை இறக்கி மேஜையில் வைத்தாள். திரும்பி மார்கெத்தாவைப் பார்த்தாள்.

மார்கெத்தாவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. அவள் அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடி இல்லாமல் சைமியின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்னால் அடுப்பின் சிவப்பு மட்டும் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இல்மாரி அடுப்பை நோக்கி ஓரடி வைத்து, பிறகு நின்றுவிட்டார்.

சைமி பார்த்துக்கொண்டே நின்றாள். சூப்மேல் ஏடு படிய ஆரம்பித்தது.

"கண்ணாடி எங்க வெச்ச?" என்று கேட்டாள். குரலில் கோபம் துளியும் இல்லை, எதையோ மறந்துவிட்டு வந்தவளிடம் பேசுகிற பரிவுதான் இருந்தது. "போய் எடுத்துட்டு வா. மெதுவா வா, அவசரமில்ல. நான் இங்கயே நிக்கிறேன்."

மார்கெத்தா எழுந்திருக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.